கண்ணாடிக் கதவும் மூடிய வாயிலும்

'வாயில்' என்னும் சொல், 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி நின்ற வடிவம் என்பர் இலக்கண நூலார். இல்லத்தின் வாய் எதுவோ அதுவே வாயில். ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில் அவர் இயல்பு வெளிப்படுவது போல, ஒரு வீட்டின் வாயிலைக் கண்டால் அவ்வீட்டாரின் இயல்பும், அவர் வாழும் சமுதாயத்தின் இயல்பும் வெளிப்படும். ஆகவே கதவின் வரலாறு தச்சரின் வரலாறு மட்டுமன்று. மக்கள் யாரை உள்ளே அழைத்தனர், யாரை வெளியே நிறுத்தினர் என்பதன் வரலாறுமாகும்.

இன்று செல்வர் இல்லங்களில் கூடத்திற்கும் நீச்சற்குளத்திற்கும் இடையே சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த கண்ணாடிக் கதவே உண்டு. அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் வீடும் தோட்டமும் ஒன்றாகிவிடும். இவ்வமைப்பு எங்ஙனம் தோன்றியது?

ஒரு காலத்தில் வெளிச்சத்திற்கும் வரி இருந்தது. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு முதல் சன்னல்களை எண்ணி வரி தண்டினர். வரிக்கு அஞ்சி மக்கள் தம் வீட்டுச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். காற்றும் ஒளியும் இழந்து வாடினர். கண்ணாடிக்குத் தனியே விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845-இலும், சன்னல் வரி 1851-இலும் ஒழிந்தன. அந்த 1851-ஆம் ஆண்டிலேயே ஜோசப் பாக்ஸ்டன் என்பார் இலண்டனில் இரும்பையும் கண்ணாடியையும் கொண்டு பளிங்கு மாளிகையை எழுப்பினார். சுவரின்றியும் கட்டடம் நிற்கும் என்பதை உலகம் அன்று கண்ணாரக் கண்டது.

அக்கருத்து குடியிருக்கும் வீட்டுக்குள் முழுமையாகப் புகுந்த இடங்களுள் தலையாயது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமாகும். கோடையில் மழை அரிது, குளிரும் கடுமையன்று. வியன்னா நகரிலிருந்து அங்குக் குடியேறிய ருடால்ப் ஷிண்ட்லர் 1922-இல் தமக்குக் கட்டிய வீட்டில், அறைகள் நகரும் கதவுகளின் வழியே தோட்டத்தை நோக்கித் திறந்தன. அதே நகரில் பிறந்த ரிச்சர்டு நியூட்ரா, 1946-இல் பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன ஊரில் காப்மன் என்னும் வணிகருக்குக் குளிர்கால மாளிகை ஒன்று அமைத்தார். கண்ணாடிச் சுவரே நகர்ந்து வழிவிட, கூடம் நீச்சற்குளத்தின் அருகே சென்று முடிந்தது. வெயிலையும் மணற்காற்றையும் தடுக்கத் திருப்பத்தக்க அலுமினியத் தகடுகளை அவர் நிறுத்தினார். திறந்த வீட்டுக்கும் காவல் வேண்டுமென்பதை அவர் மறந்தாரில்லை.

இவ்வின்பம் செல்வர்க்கு மட்டுமே உரியதோ? அன்று என்றார் ஜோசப் ஐக்லர் என்னும் வீடு கட்டும் தொழிலதிபர். 1940-களின் இறுதி முதல் நடுத்தர மக்களுக்கென அவர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார். தெருப்பக்கம் பெரும்பாலும் மூடிய சுவர். தோட்டப் பக்கம் முழுவதும் கண்ணாடி. பிற்பட்ட வீடுகள் பலவற்றில் வாயிலைக் கடந்தவுடன் வானம் பார்த்த முற்றம் ஒன்று வரும். முற்றமறிந்த நமக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின், அன்பர்களே, இவ்வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. கண்ணாடிக் கதவுகள் அகலத் திறந்த அந்நாளில், அந்நாட்டின் குடியிருப்புகள் பலவற்றின் வாயில்கள் கறுப்பின மக்களுக்கு மூடியே கிடந்தன. அவர்களுக்கு விற்கலாகாது என்று நிலப்பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதினர். பால் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர், தாம் குடியேற இயலாத பகுதிகளில் பிறருக்கு மாளிகைகள் வரைந்து கொடுத்தார். தம் அருகே அமரக் கூசிய வெள்ளையர்க்காக, மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தவாறே படத்தைத் தலைகீழாக வரையவும் பழகிக்கொண்டார். இதனினும் கொடிய இழிவு வேறு உண்டோ?

அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கம் உடனே மாறவில்லை. ஐக்லரோ, நிறமும் மதமும் பாராது எவர்க்கும் வீடு விற்றார். நிறவேற்றுமையை எதிர்த்து 1958-இல் தேசிய வீடு கட்டுவோர் சங்கத்திலிருந்து விலகினார். அவர் செய்ததை நாடு முழுமைக்கும் சட்டமாக்க 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடியும் காலப்போக்கில் திருந்தியது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. மெருகிடாமலே பெருந்தகடுகள் கிடைத்தன. பழைய கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகி உயிரையும் வாங்கும். கடுஞ்சூடேற்றி விரைந்து குளிர்வித்த கண்ணாடியோ சிறு மணிகளாக உதிரும். கதவுகளில் காவற்கண்ணாடியே வேண்டுமென அமெரிக்கா 1977-இல் விதி செய்தது. குளத்தை நோக்கும் கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். அதன் தாழ் சிறுவர் கைக்கு எட்டலாகாது. குழந்தை உள்ள வீட்டில் அழகினும் இதுவே முதன்மையானது.

இவற்றால் நாம் அறிவது யாது? கண்ணாடி ஒளியை உள்ளே விடும். மனிதரை உள்ளே விடுவது கண்ணாடியன்று, மனம். வெளியே நிற்பவர் உள்ளிருக்கும் இன்பத்தைக் காணலாம், ஆனால் நுழையலாகாது என்றால், அக்கதவு மரக்கதவினும் கொடியது. வீடு கட்டுவோர் அழகிய வாயில் அமைக்கட்டும். அது எவர்க்குத் திறக்கும் என்பதையும் உடன் எண்ணட்டும்.