கார்பியின் புழுதியும் பைராமின் புகையும்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள கார்பி, எஃகு ஆலையை நம்பி வளர்ந்த ஊர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை எனும் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை அடுத்துள்ள பைராம் தோட்டம், தமிழ்ப்பள்ளி ஒன்றைத் தன் நடுவே கொண்ட ஊர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் ஒன்றே. பொதுநலம் கருதி ஊராட்சி மன்றம் செய்த வேலையின் சுமை, இரு இடங்களிலும் பிள்ளைகள் வாழும் பக்கமே சாய்ந்தது.

கார்பியில் எஃகு உற்பத்தி 1980இல் நின்றது. ஆலைக் கழிவு நிறைந்த நிலத்தைச் சீர்படுத்தி, வேலையிழந்த ஊருக்குப் புதுத் தொழில்களைக் கொண்டுவர நகர மன்றம் முனைந்தது. நோக்கம் நல்லது; செய்த விதம்தான் கேடானது. காட்மியம், குரோமியம், நிக்கல் கலந்த சேற்றை லாரிகள் ஊர்த் தெருக்கள் வழியே சிந்திக்கொண்டு போயின. சேறு காய்ந்து புழுதியானது. அந்தக் காலத்தில் கருவுற்ற தாய்மார் சிலருக்குக் கைவிரல், கால் குறைபாடுகளுடன் குழந்தைகள் பிறந்தன.

பைராம் காட்டுப் பகுதியில் உள்ள புலாவ் பூரோங் குப்பைத் தளத்துக்குப் பினாங்குத் தீவின் குப்பையும் வருகிறது, செபராங் பிறையின் குப்பையும் வருகிறது. 1991இல் அது, குப்பைக்குள் ஓரளவு காற்று புகும் பாதிக் காற்றோட்ட முறைக்கு மாற்றப்பட்டது. 2001இல் குப்பை வழியே வடியும் கசிவுநீரைச் சுழற்சி செய்யும் வசதியுடன் மேம்படுத்தப்பட்டது. அங்கே 2022 ஜனவரி 12ஆம் தேதி தீப்பிடித்தது. குப்பைமேட்டுத் தீ மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புகை பல நாள் நீடித்தது. பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியை மூட வேண்டியதாயிற்று.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. கார்பியில் நடந்ததை நீதிமன்றம் ஆராய்ந்தது. பைராமில் பிள்ளைகளுக்கு நீடித்த கேடு நேர்ந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கார்பியின் நஞ்சு கண்ணுக்குச் சாதாரணப் புழுதியாகத் தெரிந்தது. அதனால் தாய்மார் அஞ்சவில்லை. பைராமின் புகையை எல்லாரும் பார்த்தார்கள். அதனால் பள்ளியை மூட முடிந்தது. ஆனால் குப்பைமேட்டின் அடியில் ஊறும் கசிவுநீர் புகையைப் போலத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அந்த விஷயத்தில் பைராமும் கார்பியைப் போலத்தான்.

பொறுப்பு யாருடையது என்பதில் கார்பி தெளிவான விடை தந்தது. 18 பிள்ளைகளின் சார்பில் நடந்த வழக்கில், 2009 ஜூலை 29 அன்று நீதிபதி ஏக்கன்ஹெட் நகர மன்றத்தின் கவனக்குறைவை உறுதிசெய்தார். ஒவ்வொரு பிள்ளையின் குறையும் அந்த நஞ்சால்தான் வந்தது என்று தனித்தனியே நிரூபிக்கும் கட்டத்துக்குமுன், 2010 ஏப்ரலில் மன்றம் சமரசத்துக்கு வந்து இழப்பீடு தந்தது. வேலையைச் செய்தது ஒப்பந்தக்காரர்கள் என்பதால் மன்றத்தின் கடமை கைமாறிவிடவில்லை.

பினாங்கிலும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. அதனால் குப்பை, கூட்டரசின் கைக்குப் போகாமல் பினாங்குத் தீவு, செபராங் பிறை ஆகிய இரு மாநகர் மன்றங்களின் கையிலேயே நிற்கிறது. வேறுபாடு கேள்வி கேட்கும் உரிமையில்தான். கார்பி மக்கள் தங்கள் மன்றத்தை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியிருந்தும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பைராம் தோட்டத்துத் தாயால் தன் வாக்கைக் கொண்டு ஒரு மன்ற உறுப்பினரையும் மாற்ற முடியாது.

இன்னொரு வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. மாசுபட்ட நிலம் எங்கே இருக்கிறது என்று தாமே தேடிப் பார்க்கும் கடமையை இங்கிலாந்து 2000 முதல் ஊராட்சி மன்றங்கள்மேல் சட்டமாகவே சுமத்தியிருக்கிறது. மலேசியாவில் மாசுபட்ட நிலத்துக்குச் சுற்றுச்சூழல் துறை 2009இல் வழிகாட்டி நூல்கள் வெளியிட்டது. வழிகாட்டி கட்டளை ஆகாது. குப்பைத் தளக் கசிவுநீருக்கு அதே ஆண்டு விதிமுறைகள் வந்தன. அவை தளத்திலிருந்து வெளியேறும் நீருக்கு அளவு வைக்கின்றன. பள்ளித் திடலின் மண்ணை யார் சோதிப்பது?

கார்பியில் குறையை முதலில் கண்டவர்கள் பெற்றோர். அதை நிரூபிக்கும் பாரமும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. நஞ்சு நிலத்தை ஆளும் மன்றம், பெற்றோர் கண்டுபிடிப்பதற்குமுன் தான் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்களும் சேர்ந்து சொல்லும் தீர்ப்பு இது.

ஆகவே மாநகர் மன்றங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். புலாவ் பூரோங்கைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் காற்றையும் ஆண்டுதோறும் சோதியுங்கள். முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட வரும் தாய் அதை நின்று படிக்கட்டும்.