பதிவேட்டில் இடம் பெறாத தொழில்

1957-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு திருமணப் பதிவு. மணமகன் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. தொழில் என்ற இடத்தில் ‘புரோகிராமர்’ என்று சொன்னார். நகராட்சியார் ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவாயிற்று. 15 ஆண்டுகள் கழித்து, 1972-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருதைப் பெற்றுப் பேசியபோது அவரே இந்தக் கதையைச் சொன்னார்.

வாழ்நாளில் பெரும்பகுதியைப் பதிவேடுகளோடு கழித்தவன் நான். அந்த நகராட்சி எழுத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் இல்லாததை எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அதோடு, அந்த மறுப்பில் ஓர் உண்மையும் இருந்தது. ஒரு தொழில் என்றால் இது சரி, இது தவறு என்று சொல்ல அதற்கென்று ஓர் அளவுகோல் வேண்டும். அன்றைக்கு நிரல் எழுதும் வேலைக்கு அது இல்லை. டைக்ஸ்ட்ரா விட்டுச் சென்ற எழுத்துகள் முழுவதும் அந்த அளவுகோலைத் தேடியவைதான்.

அவர் பிறந்தது 1930-இல், ரோட்டர்டாமில். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் அறிந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1952-இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் கவலை பிடித்துக்கொண்டது. இயற்பியலுக்கு ஒரு மரியாதை உண்டு, இந்த வேலைக்கு என்ன மரியாதை? மேலாளர் வான் வைங்கார்டனிடம் போய்க் கேட்டார். கணினிகள் நிலைத்துவிட்டன, இதை மதிப்புள்ள துறையாக்கும் ஆட்களில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக்கூடாது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்த ஒரு பேச்சு டைக்ஸ்ட்ராவின் பாதையைத் தீர்மானித்தது.

1956-இல் ஆர்மாக் என்ற புதுக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஓர் எளிய கணக்கு தேவைப்பட்டது. ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் போகக் குறுகிய வழி எது? தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டு ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சுமார் 20 நிமிடத்தில் விடை கண்டார். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. முறை இதுதான்: புறப்பட்ட ஊருக்கு மிக அருகில் உள்ள ஊரின் தூரத்தை முதலில் உறுதி செய், அதன் வழியாகப் போனால் மற்ற ஊர்களுக்குத் தூரம் குறைகிறதா என்று பார், மீதியில் மிக அருகில் உள்ளதை அடுத்து உறுதி செய். போகவேண்டிய ஊர் வரும்வரை இப்படியே. எழுதுகோல் இல்லாததால் தேவையற்ற சிக்கல் எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை என்பது அவரே பிற்காலத்தில் தந்த விளக்கம்.

அவர் எழுத்துக்கு ஒரு மாதிரி, 1982-இல் எழுதிய சிறு கட்டுரை. எண்ணிக்கையை ஏன் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது பொருள். அதை நம் அலுவலகக் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர் 10-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை விடுப்பு. கழித்தால் 5 வருகிறது, ஆனால் எடுத்தது 6 நாள். ‘10-ஆம் தேதி முதல் விடுப்பு, 16-ஆம் தேதி பணியில் சேர்ந்தார்’ என்று எழுதிவிட்டால் 16-இலிருந்து 10 போக 6. ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை. விடுப்பை நீட்டித்தால் அடுத்தது அதே 16-இல் தொடங்கும், இடைவெளியும் விழாது. தொடக்கத்தைச் சேர்த்துக்கொள், முடிவைச் சேர்க்காதே என்பதே டைக்ஸ்ட்ரா தேர்ந்தெடுத்த முறை. அப்படி எழுதும்போது 12 பொருள்களை 1 முதல் எண்ணினால் எல்லைகள் 1, 13. சுழியம் முதல் எண்ணினால் 0, 12. எது அழகு என்று நீங்களே சொல்லுங்கள்.

இது வெறும் அழகுப் பேச்சு அல்ல. இரண்டு 27 இலக்க இரும எண்களைப் பெருக்கும் ஒரு கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லா ஜோடிகளையும் போட்டுப் பார்ப்பதென்றால், ஒரு பெருக்கலுக்கு நொடியில் லட்சத்தில் சில பங்கே ஆனாலும், பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே சோதனை பிழை இருப்பதைக் காட்டலாம், பிழையே இல்லை என்று காட்டாது. எழுதும்போதே சரியென்று நிறுவும்படி எழுதுவதுதான் வழி என்றார். 1968-இல் அவர் கடிதம் ஒன்று பெரும் சண்டையைக் கிளப்பியது. நிரலில் நினைத்த இடத்துக்குத் தாவும் ‘கோ டு’ கட்டளையை விட்டொழிக்கச் சொன்ன கடிதம் அது. 12-ஆம் பக்கக் குறிப்பு 40-ஐப் பார் என்று சொல்லி, 40-ஆம் பக்கம் 7-ஐப் பார் என்று சொல்லும் கோப்பைப் படித்தவர்களுக்கு அவர் கோபம் புரியும்.

இந்த எழுத்துகள் ஊர்போய்ச் சேர்ந்த விதமே தனி. தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் இட்டு, பெரும்பாலும் மைப்பேனாவால் எழுதி, நகலெடுத்துச் சில நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் நகலெடுத்து வேறு சிலருக்கு அனுப்புவார்கள். 2002-இல் அவர் காலமாகும்போது எண்ணிக்கை 1,300-ஐத் தாண்டியிருந்தது. 1982-இல் அவற்றில் ஒரு பகுதி நூலாக வந்தது. அதில் கணிதமும் உண்டு, பயணக் குறிப்புகளும் உண்டு. கணிதத்தைச் சரக்காக விற்கும் கற்பனைக் கம்பெனி ஒன்றுக்குத் தம்மைத் தலைவராக்கி எழுதிய கிண்டலும் உண்டு.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கே மெர்சேன் பாதிரியார் நினைவுக்கு வருகிறார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் இருந்துகொண்டு தெக்கார்த், ஃபெர்மா போன்றவர்களின் கடிதங்களை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுசேர்த்தவர். அறிவியல் இதழ் என்ற ஒன்று பாரிஸில் 1665-இல்தான் வந்தது. அதற்கு முன்பு கடிதமே இதழ். இதழ்கள் பெருகிக் கிடந்த காலத்திலும் டைக்ஸ்ட்ரா அந்தப் பழைய வழியையே கைக்கொண்டார்.

அவர் சொன்னதை உலகம் முழுதாக ஏற்றதா? இல்லை. தாவும் கட்டளை பெரிதும் மறைந்தது. ஆனால் நிறுவிக்காட்டி எழுதுவோர் இன்றும் சிலரே. பெரும்பாலோர் எழுதிவிட்டுச் சோதிக்கிறார்கள். அவர் நாக்கும் கடுமையானது. கோபால், பேசிக் போன்ற மொழிகளையும் அவற்றைக் கற்பித்தவர்களையும் அவர் சாடியதில் மனம் புண்பட்டவர்கள் உண்டு. வேலை முடிந்தால் போதும் என்று மாதச் சம்பளத்துக்கு உழைப்பவனின் அவசரம் அவருக்கு எட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என்றாலும், வங்கிக் கணக்கும் ரயில் சிக்னலும் நிரலை நம்பி ஓடும் இக்காலத்தில், ‘இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

அவர் கையெழுத்துப் பிரதிகளை டெக்சாஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ பேத்தியோ மென்பொருள் கம்பெனியில் இருப்பார்கள். 831-ஆம் எண்ணைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில பக்கங்கள்தான், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். படித்துவிட்டு அந்த விடுப்புக் கணக்கை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.