கணக்கில் வராத பிள்ளைகள்

எங்கள் திண்டுக்கல் பக்கம் கால் வீங்கினாலும் முகம் உப்பினாலும் ஒரே சொல்தான்: ‘நீர் கோத்துக்கிச்சு.’ வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் அப்படி நீர் கோக்கும். வயிறு, நுரையீரலைச் சுற்றிய இடம், இதயத்தின் உறை, தோலுக்கு அடியில் என்று இவற்றில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது நீர் தேங்கினால் மருத்துவர்கள் அதை ‘ஹைட்ராப்ஸ்’ என்பார்கள். இதைத் தனி நோய் என்று சொல்வதைவிட, உள்ளே வேறேதோ கெட்டுவிட்டது என்பதற்கான கடைசிக்கட்ட அறிகுறி என்று சொல்வதே சரி. அந்த ‘வேறேதோ’ என்ன என்று கண்டுபிடித்த கதை முந்நூறு வருஷத்துக்கு மேல் நீள்கிறது.

1609-இல் பிரான்ஸ் அரசிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி லூயிஸ் பூர்ஷுவா ஓர் இரட்டைப் பிரசவத்தைப் பதிவு செய்தார். ஒரு குழந்தை உடம்பெல்லாம் வீங்கி, பிறந்த உடனே இறந்தது. இன்னொன்று கடும் மஞ்சள் காமாலை கண்டு சில நாளில் போய்விட்டது. ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் இருந்த இரண்டு பிள்ளைகள். ஆனாலும் பின்னால் வந்த மருத்துவம் வீக்கத்தை ஒரு நோயாகவும், காமாலையை இன்னொன்றாகவும், ரத்தசோகையை மூன்றாவதாகவும் பிரித்தே எழுதிவந்தது. எடின்பரோவின் பாலன்டைன் 1892-இல் வீங்கிப் பிறந்த சிசுக்களை விரிவாக ஆராய்ந்தார். மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று டயமண்டும் அவருடைய சகாக்களும் பாஸ்டனில் இருந்து எழுதியது 1932-இல்தான். மருத்துவச்சி பார்த்ததற்கும் இதற்கும் நடுவே 323 வருஷம்.

ஏன் இவ்வளவு தாமதம்? டாக்டர்கள் முன்னால் தனித்தனிக் குழந்தைகள்தான் கிடந்தன. நோயின் வடிவமோ ஒரு தாயின் மொத்தப் பிரசவ வரிசையில் இருந்தது. முதல் பிள்ளை நல்லா பிறக்கும். அடுத்தது காமாலையோடு வரும். அதற்கடுத்தது வெளிறிப்போய், அதற்கும் அடுத்தது வீங்கிச் செத்துப் பிறக்கும். அந்த வரிசை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மா மட்டும்தான்.

காரணம் ரத்தத்தில் இருந்தது. நியூயார்க்கில், இறந்த சிசுவைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு அவள் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவருக்கும் ஒரே வகை ரத்தம்தான், ஆனாலும் அவள் உடம்பு அதை ஏற்கவில்லை. கணவனிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒன்றை எதிர்க்க அவள் உடம்பு ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறது என்று லெவினும் ஸ்டெட்சனும் 1939-இல் யூகித்து எழுதினார்கள். மறு வருஷம் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து ‘ஆர்ஹெச்’ என்ற பெயர் வந்தது. 1941-இல் லெவின் புதிரை முடித்துவைத்தார். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயிடம் கலக்கும். தாயின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். முதல் பிள்ளை அதற்குள் வெளியே வந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்புப் பொருள் உள்ளேயே உடைக்கும். ரத்தம் குறையக் குறைய இதயம் தளரும், நீர் கோக்கும்.

என் அப்பத்தாவிடம் யார் கேட்டாலும் ‘எனக்கு ரெண்டு புள்ளைக’ என்றுதான் சொல்வார். பெற்றது ஆறு. பெரியப்பா, அப்பா, பிறகு நான்கு இழப்புகள். கடைசி இரண்டும் ‘ஊதிப்போயி’ பிறந்தன என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஊரில் அதற்கு ஆயிரம் விளக்கம்: குலசாமிக்குச் செய்யாத குறை, கிரகணத்தில் வெளியே வந்தது, சொந்தத்தில் கட்டியது, கடைசியாக அவர் ராசி. தாத்தாவை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எண்பது வயதில் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்பட்டபோதுதான் அப்பத்தா ‘பி நெகட்டிவ்’ என்று எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனை வராந்தாவில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மதுரை சாலையில் சின்னாளபட்டியை ஒட்டி, டாக்டர் சௌந்தரம் தன் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவியது 1947-இல். இன்றும் அங்கே கஸ்தூரிபா மருத்துவமனையில் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிறார்கள். அது தொடங்கிய காலத்தில் ஆர்ஹெச் என்ற சொல்லுக்கே வயது ஏழுதான். காரணம் தெரிந்திருந்தது, தடுக்க வழி இல்லை.

வழி இரண்டு திசையிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி, வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே ஊசி வழியாக ரத்தம் ஏற்றிப் பார்த்தார். முதல் மூன்று சிசுக்கள் பிழைக்கவில்லை. 1963-இல் நான்காவது பிழைத்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில், வண்ணத்துப்பூச்சிகளின் மரபியலை ஆராய்ந்துவந்த சிரில் கிளார்க்கின் குழுவும், நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், பொலாக் மூவரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். தாயின் உடம்பு கற்றுக்கொள்வதற்கு முன்பே, வெளியிலிருந்து எதிர்ப்புப் பொருளைக் கொடுத்து, கலந்த அணுக்களை அப்புறப்படுத்திவிடலாம். நியூயார்க் குழு இதை முதலில் சோதித்தது சிங் சிங் சிறையின் கைதிகளிடம். 1968-இல் அமெரிக்காவில் ‘ஆன்டி-டி’ ஊசி விற்பனைக்கு வந்தது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரே ஊசி.

அந்த ஊசி பரவிய இடங்களில் ஹைட்ராப்ஸின் முகமே மாறிப்போனது. இன்று அங்கே பத்தில் ஒன்பது ஆர்ஹெச் சாராதவை: இதயக் கோளாறு, தாறுமாறாகத் துடிக்கும் இதயம், டர்னர் போன்ற குரோமோசோம் குறைகள், பார்வோ வைரஸ், ஆல்ஃபா தலசீமியா, ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரின் ரத்த ஏற்றத்தாழ்வு. நெருங்கிய உறவுத் திருமணத்தில் கூடுதலாக வரும் சில சேமிப்பு நோய்களும் இதில் உண்டு. ‘சொந்தத்துல கட்டுனது’ என்ற ஊர்ப்பேச்சு சில நேரம் சரி. அப்போதும் அது இருவரிடமிருந்தும் வருவது.

கண்டுபிடிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. ஸ்கேனில் நீர் தெரிந்ததும் முதலில் தாயின் ரத்த வகையும் கூம்ஸ் பரிசோதனையும். பிறகு சிசுவின் இதய ஸ்கேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தத்தின் வேகத்தை டாப்ளரில் அளப்பார்கள். ரத்தசோகை இருந்தால் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். ஊசி குத்தாமலே சோகையைச் சொல்லும் இந்த முறை 2000-இல் நிலைபெற்றது. தேவைப்பட்டால் பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம் பார்ப்பார்கள். சோகைக்கு ரத்தம் ஏற்றலாம். இதயம் மிகையாய்த் துடித்தால், தாய் மாத்திரை விழுங்கிப் பிள்ளையின் இதயத்தை அடக்கலாம். எல்லாக் காரணத்துக்கும் வைத்தியம் இல்லை. ஆனால் காரணம் தெரிந்தால், அடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு பதிலாவது அந்தத் தம்பதிக்குக் கிடைக்கும்.

இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் நெகட்டிவ். கர்ப்பிணியின் அட்டையில் ரத்த வகைக்கு ஓர் இடம் இருக்கிறது, நர்சம்மா அதை நிரப்பவும் செய்கிறார். ஓட்டை வேறொரு இடத்தில். ஆன்டி-டி பிரசவத்துக்கு மட்டுமல்ல, கருக்கலைந்தாலும் தேவை. வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஒரு பெண்ணிடம் ‘இது எத்தனையாவது?’ என்று கேட்டால், உயிரோடு இருக்கும் பிள்ளைகளைத்தான் எண்ணிச் சொல்வாள். மூணாம் மாசத்தில் கலைந்ததை, மாத்திரை வாங்கிக் கலைத்ததை, பெயர் வைக்காமல் புதைத்ததைச் சொல்ல மாட்டாள். சொன்னால் பழி வரும் என்று நாம்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அவள் சொல்லாமல் விட்ட அந்த எண்களில்தான் டாக்டருக்குத் தேவையான விவரம் இருக்கிறது. நெகட்டிவ் ரத்தமுள்ள ஒரு தோழியோ அக்காவோ உங்களுக்கு இருந்தால், எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அவள் எண்ணும்போது பக்கத்தில் இருங்கள்.