சோளமும் கரியும் நியரஸ்ட் கிரீனும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். விஸ்கியைப் பற்றித் தரட்டுமா என்றேன். "டேய், குடும்பத்தோட படிக்கிற மலர்டா!" என்று பதிலுக்கு ஒரு சத்தம். நண்பர்களே, பயப்பட வேண்டாம். ஒரு சொட்டுகூடத் தொடாதவன் எழுதும் கட்டுரை இது. வேதியியல் படித்தவனுக்கு வாலை வடித்தலின் மேல் ஒரு ஆசை. சரித்திரத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அமெரிக்க விஸ்கியில் இரண்டுக்கும் தீனி உண்டு.

18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் கப்பலேறிய குடியானவர்கள், காய்ச்சும் வித்தையையும் கூடவே கொண்டுபோனார்கள். பென்சில்வேனியா பக்கம் ரை தானியத்தில் காய்ச்சினார்கள். மலை தாண்டி கென்டக்கி, டென்னசி என்று போனபோது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்த மக்காச்சோளம் கைக்கு வந்தது. விளைச்சல் அமோகம். ஆனால் விற்க வேண்டுமானால் அப்பலேச்சியன் மலையைக் கடக்க வேண்டும், சாலை கிடையாது. ஒரு குதிரை தானியமாகச் சுமந்தால் 4 புஷல்தான் சுமக்கும், விஸ்கியாக்கிக் கட்டினால் 24 புஷல் தானியத்தின் சரக்கு ஏறிவிடும் என்று அந்தக் காலத்துக் கணக்கு ஒன்று சொல்வார்கள். எலி தின்னாது, பூஞ்சை பிடிக்காது. காசு புழங்காத ஊர்களில் விஸ்கியே காசாகவும் புழங்கியது.

இது தெரிந்தால்தான் 1791-இல் வந்த வரி ஏன் அத்தனை ஆத்திரத்தைக் கிளப்பியது என்பது புரியும். சுதந்திரப் போரின் கடனை அடைக்க நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் விஸ்கிக்கு வரி போட்டார். மேற்குப் பென்சில்வேனியாக்காரர்கள் வரி வசூலிக்க வந்தவர்களுக்குத் தார் பூசி, இறகு ஒட்டி அனுப்பினார்கள். 1794-இல் ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக் கிளம்ப, கலகம் சண்டையில்லாமலே அடங்கிப் போயிற்று. 1802-இல் வரியும் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், பதவியிலிருந்து இறங்கிய அதே வாஷிங்டன் 1797-இல் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் தாமே காய்ச்ச ஆரம்பித்தார். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்கார மேலாளர் கொடுத்த யோசனை. ஐந்து கொப்பரைகள். 1799-இல் மட்டும் ஏறக்குறைய 11,000 காலன். நாட்டிலேயே பெரிய வடிசாலைகளில் அதுவும் ஒன்று. அங்கே வேலை செய்தவர்கள் ஹேன்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோதி. ஆறு பேரும் அடிமைகள். பண்ணைக் கணக்குகளில் பதிவானதால் இவர்கள் பெயராவது தப்பியது. மற்ற பண்ணைகளில் கொப்பரையடியில் நின்ற எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை.

சரி, தொழிலுக்கு வருவோம். மக்காச்சோளத்தை அரைத்து வேகவைத்து, கொஞ்சம் ரையோ கோதுமையோ சேர்த்து, சூடு தணிந்ததும் முளைகட்டிய பார்லியைக் கலப்பார்கள். முளைகட்டிய தானியத்திலுள்ள என்சைம்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதன் பிறகு ஈஸ்ட். நம்மூரில் 'ஊறல்' என்று சொல்கிறோமே, அதேதான். போன முறை வடித்து முடித்த மிச்ச நீரைப் புது ஊறலில் கொஞ்சம் சேர்ப்பதற்குப் புளித்த ஊறல் முறை என்று பெயர். பழைய இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விடுவது போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் கொதித்து வடிந்த நீரில் உயிருள்ள ஈஸ்ட் ஏது? அதிலுள்ள புளிப்புதான் வேலை செய்கிறது. வேண்டாத பாக்டீரியாவை அண்டவிடாது, ஈஸ்ட்டுக்கோ தோதாக இருக்கும். இந்த முறையை அளந்து, குறித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ருசி வரும்படி ஒழுங்குபடுத்தியவர் 1830-களில் கென்டக்கியில் வேலை பார்த்த ஜேம்ஸ் குரோ. அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். நம்மைப் போல ஆய்வகத்துச் சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த மனிதர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

வடித்து வருவது தண்ணீர் போலத்தான் இருக்கும். பழுப்பு நிறம் முழுக்கப் பீப்பாய் கொடுத்தது. புது ஓக் மரப் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கிவிட்டு நிரப்புவார்கள். கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். போய் வரும்போதெல்லாம் மரத்தின் சர்க்கரையையும் வெனிலா வாசனையையும் கூட்டிவரும். ஆவியாய்ப் போகும் பங்குக்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கருக்கிய பீப்பாயைக் கண்டுபிடித்தவர் எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. விஸ்கிக்கு ஒரு போதகரைத் தந்தையாக்கினால் விற்பனைக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. புகையிலைச் சாறு முதலான கண்டதையும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில், 1897-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் 4 ஆண்டாவது வைத்திருந்து, 50 சதவீத ஆல்கஹாலோடு அடைத்தால்தான் முத்திரை. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மருந்துச் சீட்டுக்கு விற்கச் சில கம்பெனிகளுக்கு மட்டும் அனுமதி, மற்றவை இழுத்து மூடப்பட்டன. 1964-இல் பர்பன் என்பது அமெரிக்காவுக்கே உரிய சரக்கு என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 51 சதவீதமாவது மக்காச்சோளமும், கருக்கிய புதுப் பீப்பாயும் கட்டாயம்.

டென்னசிக்காரர்கள் இதற்கு மேலும் ஒரு படி போவார்கள். சர்க்கரை மேப்பிள் மரத்தைச் சட்டங்களாக அறுத்து, அடுக்கி எரிப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் வாடை ஏறிவிடும் என்று, வடித்த சாராயத்தையே ஊற்றிப் பற்றவைப்பார்கள். கரியாகும் பக்குவத்தில் தண்ணீர் அடித்து அணைக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் சாம்பல்தான். ஜாக் டேனியல் வடிசாலையில் இந்தக் கரியைப் 10 அடி உயரத்துக்கு நிரப்பி, புது விஸ்கியைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். கரடுமுரடெல்லாம் கரியோடு நின்றுவிடும். இதற்கு லிங்கன் கவுண்டி முறை என்று பெயர். 2013-இல் டென்னசி இதைச் சட்டமாக்கியபோது, விலக்குப் பெற்ற ப்ரிச்சர்ட்ஸ் வடிசாலை இருப்பது அதே லிங்கன் கவுண்டியில்!

ஜாக் டேனியலுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது யார்? லின்ச்பர்க் ஊரில் டான் கால் என்ற போதகர் மளிகைக் கடையும் கொப்பரையும் வைத்திருந்தார், தாயை இழந்து அங்கே வேலைக்கு வந்த சிறுவன் ஜாக் அவரிடம் கற்றான் என்றுதான் கம்பெனி வெகுகாலம் சொல்லிவந்தது. மறுபடியும் ஒரு போதகர், பார்த்தீர்களா? உண்மையில் கொப்பரையடியில் நின்றவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. அந்த வட்டாரத்திலேயே தேர்ந்த கைக்காரர். ஜாக்கின் வாழ்க்கை வரலாறாக 1967-இல் வந்த புத்தகத்திலேயே அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. யாரும் பூட்டி வைக்கவில்லை, அச்சாகிக் கடையில் கிடந்தது. ஆனாலும் 2016-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதி, ஃபான் வீவர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஊருக்கே போய்ப் பத்திரங்களையும் குடும்பத்தாரையும் தேடிப் பிடித்த பிறகு, 2017-இல்தான் கம்பெனியின் அதிகாரபூர்வ வரலாற்றில் அவருக்கு இடம் கிடைத்தது. 50 வருஷம்! மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மறந்திருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஜாக் டேனியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அடிமை வைத்திருந்தவர் அல்ல. 1865-இல் அடிமைமுறை ஒழிந்த பின், சொந்தமாக வடிசாலை தொடங்கியபோது தலைமை வடிப்பாளராக நியரஸ்ட்டையே வைத்துக்கொண்டார். நியரஸ்ட்டின் மகன்கள் ஜார்ஜும் ஈலையும் அங்கே வேலை செய்தார்கள். அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தார் அங்கே வேலையில் இருந்தார்கள். பெயர் பலகையில் மட்டும் ஒரே பெயர்.

நியரஸ்ட்டை ஊரார் 'அங்கிள் நியரஸ்ட்' என்று கூப்பிட்டார்கள். மாமா, சித்தப்பா என்று உறவு சொல்லிப் பழகிய நமக்கு இது அன்பாகத் தோன்றும். அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் வயதான கறுப்பினத்தவரை 'மிஸ்டர்' என்று அழைக்க வெள்ளையர்களுக்கு மனம் வராது. அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட சொல் இது. 2017-இல் ஃபான் வீவர் தொடங்கிய விஸ்கிக்கு அதே சொல்லைத்தான் பெயராக வைத்தார்.

வடிசாலையாட்களோடு ஜாக் டேனியல் எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தொப்பியோடு அவர் உட்கார்ந்திருக்க, வலப்பக்கத்தில் ஒட்டி அமர்ந்திருப்பவர் ஒரு கறுப்பினத்தவர். நியரஸ்ட்டின் மகன் ஜார்ஜாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். நியரஸ்ட்டின் புகைப்படம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை.