டீசல் வந்த வழி

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லியும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வேன் டீசலில் ஓடுகிறது. உழவு டிராக்டருக்கும் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கும் அதுவே வேண்டும். பங்கில் ஊற்றும்போது மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; விலையைப் பார்த்து முணுமுணுக்கிறோம். அது வந்து சேர்ந்த வழியைக் கேட்பதில்லை. அந்த வழிகளில் ஒன்று 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவள்ளூர் அருகே பற்றி எரிந்தது. அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்: இவ்வளவு எண்ணெயா நம் வீட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது?

நம் வேனில் ஊற்றிய டீசல் வடசென்னையின் மணலியில் பிறந்ததாகவே வைத்துக்கொள்வோம். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி, 1969-இல் உற்பத்திக்கு வந்து, இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று அழைக்கப்படும் ஆலை அது. ஆண்டுக்குச் சுமார் 105 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் திறன் கொண்டது. கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயர்ந்த கோபுரத்துக்குள் விட்டால் லேசானவை ஆவியாகி மேலே ஏறும், கனத்தவை கீழே தங்கும். ஏறக்குறைய 180 டிகிரி முதல் 360 டிகிரி வரை கொதிக்கும் நடுப்பகுதிதான் டீசல். பிறகு ஹைட்ரஜனோடு சேர்த்து அதிலுள்ள கந்தகத்தைக் களைகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, பத்து லட்சம் பங்கு டீசலில் கந்தகம் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

இங்கே வழி பிரிகிறது. தெற்கே, சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை இந்தியன் ஆயில் நிறுவனம் மண்ணுக்கடியில் குழாய் பதித்திருக்கிறது. குழாய் போகாத ஊர்களுக்கு ரயில்தான். அதற்கென்றே நான்கு அச்சுகளின் மேல் படுத்திருக்கும் நீண்ட உருளைகள், ரயில்வேக்காரர்கள் பி.டி.பி.என் என்று சொல்லும் டாங்கர் வேகன்கள். ஒன்றில் சுமார் 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். இப்படி ஐம்பதைக் கோர்த்தால் ஒரு ரேக். 35 லட்சம் லிட்டர். இருபதாயிரம் லிட்டர் டாங்கர் லாரியில் அதே சரக்கை அனுப்ப 175 லாரி வேண்டும். ஒரே ஓட்டத்தில், ஒரே லோகோ பைலட் கையில் அவ்வளவும் நகர்வது ரயிலின் பலம். தவறினால் அவ்வளவும் ஒரே இடத்தில் குவிவது அதன் பலவீனம்.

அபாயச் சரக்குக்கு ரயில்வேயில் தனி விதிப்புத்தகமே உண்டு. 'ரெட் டாரிஃப்' என்பார்கள். வெடிமருந்து, அமுக்கிய வாயு, பெட்ரோலியம், அமிலம், நஞ்சு என்று வகை பிரித்து, எதை எதில் ஏற்றலாம், எதோடு சேர்க்கக்கூடாது என்று சொல்லும் புத்தகம். அந்தப் பட்டியலில் டீசல் ஒன்றும் பெரிய முரடன் இல்லை. பெட்ரோல் எந்த வெயிலிலும் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். டீசலோ 35 டிகிரிக்குக் கீழே பற்றத்தக்க அளவு ஆவி விடக்கூடாது என்பது இந்தியத் தர விதி. அசையாமல் தேங்கிக் கிடக்கும் டீசல் சட்டென்று தீப்பிடிக்காது.

தடம் புரளும்போது அது தேங்கிக் கிடப்பதில்லை என்பதுதான் சிக்கல். முன்னே போகும் வேகன் நிற்க, பின்னால் வருபவை தம் பாரத்தோடு வந்து மோதும். உருளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியிலிருக்கும் வால்வோ மேலே மூடியோ பிய்ந்தால் எண்ணெய் பீய்ச்சியடித்துத் தூவானமாகும். தூவானமான டீசலுக்கு இரும்போடு இரும்பு உரசும் பொறி போதும். தலைக்குமேலே 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பி வேறு. ஒரு டாங்கர் எரிந்தால் அந்தச் சூடே அடுத்த டாங்கரைக் காய்ச்சும்.

எண்ணூர்–மணலி எண்ணெய்ப் பகுதியிலிருந்து கிளம்பி அரக்கோணம் திசையில் போன சரக்கு ரயிலுக்குத் திருவள்ளூர் அருகே அதுதான் நடந்தது. 18 டாங்கர்கள் தீக்கிரையாயின. கரும்புகை பல கிலோமீட்டருக்குத் தெரிந்தது. சென்னையிலிருந்து பெங்களூரு, மைசூரு, கோவைப் பக்கம் போகும் ரயில்கள் ரத்தாயின. சற்றுத் தள்ளித் தண்டவாளத்தில் விரிசல் இருந்ததாகச் செய்தி வந்தது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

அன்று ஓர் உயிரும் போகவில்லை. மேலே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தீ தொடாத வேகன்களைக் கழற்றி அப்பால் இழுத்தார்கள். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை மட்டுமல்ல, சமையல் சிலிண்டர்களையும் வெளியேற்றினார்கள். எண்ணெய் தண்ணீரின்மேல் மிதக்கும் என்பதால் வெறும் தண்ணீர் எரியும் டீசலை அணைக்காது. நுரை போர்த்தி மூச்சடைக்க வேண்டும். தண்ணீர், பக்கத்து டாங்கர்களைக் குளிரவைக்க. தீயணைப்புக்காரர்கள் மணிக்கணக்கில் அதைத்தான் செய்தார்கள்.

இதே கதை வேறு ஊர்களில் இப்படி முடியவில்லை. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் ஊருக்கு மேலே சரிவில் நிறுத்தியிருந்த கச்சா எண்ணெய் ரயில், போதிய கைபிரேக் போடாததால் ஆளில்லாமல் உருண்டு ஊர் நடுவே கவிழ்ந்தது. 47 பேர் மாண்டார்கள். 2023 பிப்ரவரி 3-இல் அமெரிக்காவின் ஈஸ்ட் பாலஸ்டைனில் ஓர் அச்சின் பேரிங் சூடேறி உடைந்து ரயில் தடம் புரண்டது. வினைல் குளோரைடு டாங்கர்கள் வெடித்துவிடும் என்று பயந்து அதிகாரிகள் அவற்றைத் தாங்களே திறந்து எரித்தார்கள். அப்படி எரித்திருக்கவே தேவையில்லை என்று பின்னர் விசாரணை அமைப்பு சொன்னது. ஒன்றில் கைபிரேக், இன்னொன்றில் பேரிங். சரக்கு எதுவானாலும் ஆரம்பம் சின்ன இரும்புச் சமாசாரம்தான்.

ஆகவே இந்தப் பயணத்தின் காவலர்கள் பெரிய அலுவலகங்களில் மட்டும் இல்லை. தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கும் கீமேன் அவர்களில் முக்கியமானவர். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நீள முடியாமல் கோணும். குளிர்ந்த பின்னிரவில் சுருங்க முடியாமல் பலவீனமான இடத்தில் விரிசல் விடும். உள்விரிசலை அல்ட்ராசவுண்ட் கருவி தேடும். கழன்ற கிளிப்பையும் கண்ணுக்குத் தெரியும் வெடிப்பையும் பார்க்க இன்றைக்கும் நடக்கிற கால் வேண்டும். 1927-இல் போட்ட விருதுநகர்–தென்காசிப் பாதையில் சங்கரன்கோவில் ஸ்டேஷனைத் தாண்டிப் பொதிகை எக்ஸ்பிரஸ் பத்திரமாகப் போவதும் அப்படிப்பட்ட கால்களால்தான்.

நம் டீசலுக்கு வருவோம். குழாயில் மதுரைக்கு வந்தாலும், கப்பலில் தூத்துக்குடிக்கு வந்தாலும், கடைசித் துண்டு லாரிதான். அபாயச் சரக்கு லாரி ஓட்ட உரிமத்தோடு தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். ராஜபாளையம் சாலையிலோ திருநெல்வேலி சாலையிலோ உள்ள பங்குக்குள் லாரி நுழைந்ததும் யாரும் உடனே வால்வைத் திறப்பதில்லை. குலுங்கி வந்த எண்ணெய் அடங்கக் காத்திருப்பார்கள். உராய்வில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எர்த் கம்பி மாட்டுவார்கள். குச்சி விட்டு அளவு பார்ப்பார்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் நிறம் மாறும் பசையைத் தடவிச் சோதிப்பார்கள். அடர்த்தியையும் குறித்துவைப்பார்கள், வாடிக்கையாளர் கேட்டால் சோதித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் ஹோஸ் மாட்டி இறக்குவது.

மணலியிலிருந்து இங்கே வரை அந்த டீசலை எத்தனையோ பேர் சோதித்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது கடந்துவந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அதிகமில்லை. லாரியின் பின்பக்க எச்சரிக்கைப் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203. டாங்கர் கவிழ்ந்தால் குடத்தோடு ஓடுவதல்ல வேலை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போய், 112-ஐக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்வது. ரயில் என்றால் 139. தண்ணீரோடு வருவதா நுரையோடு வருவதா என்று தீயணைப்பு வண்டி முடிவெடுக்க அந்த நான்கு இலக்கம் உதவும். பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்; இதுவரை யாரும் அதைப் பாடமாக நினைக்கவில்லை.