போ கொமன் புனித பவுல் ஆலயம்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடங்களுள் ஒன்று போ கொமன். அங்கே 1858ஆம் ஆண்டில், வில்லியம் கொற்றன் என்னும் செல்வரின் பொருளுதவியால், புனித பவுலின் பெயரில் ஓர் அங்கிலிக்கன் பங்கு ஆலயம் எழுந்தது. 1941இல் அது ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று.

யுத்தம் ஓய்ந்தபின், நட்டஈட்டுப் பணத்தைக்கொண்டு ஆலயத்தை மீண்டும் எழுப்பும் வாய்ப்பு வந்தது. இடிந்ததை முன்போலவே கட்டுவதா? அன்றிப் புதியதொன்றை அமைப்பதா? 1951 முதல் அப்பங்கின் குருவாக விளங்கிய கிரஷாம் கேர்க்பி இரண்டாவது வழியையே தெரிந்தார். பொதுவுடைமைக் கொள்கையில் ஊறிய அவர், றொபேட் மக்குவயர் என்னும் கட்டடக் கலைஞரிடமும் கீத் மறே என்னும் வடிவமைப்பாளரிடமும் பணியை ஒப்படைத்தார். இருவரும் அப்பொழுது முப்பது வயதை எட்டாதவர்கள்.

அவர்கள் கட்டடத்தின் தோற்றத்தை முதலில் எண்ணவில்லை. அதனுள்ளே மக்கள் செய்வது யாது என்பதையே எண்ணினர். பழைய ஆலயங்களிலே திருப்பீடம் கீழைக் கோடியில் இருந்தது. குருவும் பாடகரும் அதனை அடுத்திருக்க, மக்கள் தொலைவில் வரிசையாய் அமர்ந்தனர். வழிபாடு அவர்களுக்குத் தூர இருந்து காணும் காட்சியாயிற்று. திருவிருந்து கூடியிருப்போர் அனைவரதும் செயலாயின், அவர்கள் பீடத்தைச் சூழ்ந்திருப்பதன்றோ முறை?

இவ்வெண்ணமே செங்கல்லாயும் கண்ணாடியாயும் உருப்பெற்றது. மண்டபத்தின் நடுவை அண்டித் திருப்பீடம் அமைந்தது. அதன்மேலே உயர்ந்த கண்ணாடிக் கூரையினின்று பகலொளி இறங்குகின்றது. மக்களின் இருக்கைகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அவை நிலத்திற் பதிக்கப்பட்டவை அல்ல. தரையிலே பாவப்பட்டவை நடைபாதைக்கு இடும் கொங்கிறீற்றுக் கற்களே. தெருவுக்கும் ஆலயத்துக்கும் இடையே வேலி இல்லை என்று அவை சொல்லாமற் சொல்கின்றன.

1960ஆம் ஆண்டு ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. உரோமைத் திருச்சபையில் வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியதோ 1962இலேதான். பின்னர், சாள்ஸ் லட்யன்ஸ் என்னும் ஓவியர் பல ஆண்டுகள் உழைத்து, வெறுஞ்சுவர்களின் மேற்புறத்தே வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் தேவதூதரின் உருவங்களைப் பதித்தார்.

அலங்காரமற்ற அச்செங்கற் கட்டடம் 2013இல், 1953ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த பிரித்தானிய ஆலயங்களுட் சிறந்ததெனப் பரிசு பெற்றது. கேர்க்பி 1994 வரை அங்கேயே பணியாற்றினார். அழிந்ததை அவ்வாறே மீட்க முயன்றிருந்தால், அம்மக்கள் பழைய சுவர்களைப் பெற்றிருப்பர். பீடத்தருகே தமக்குரிய இடத்தைப் பெற்றிரார்.