அனுமதிச் சீட்டும் வழிநூலும்: சீனப் பயண ஏற்பாட்டின் பழங்கதை

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்ததைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அவர் அரசின் தடையை மீறி, மறைந்து மறைந்துதான் தம் நாட்டின் எல்லையைக் கடந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏழாம் நூற்றாண்டின் தாங் பேரரசில் எல்லைக் காவலைத் தாண்ட ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அவரிடம் அது இல்லை. 645இல் அவர் நூல்களோடு தலைநகர் திரும்பியபோது அதே அரசு அவரைக் கொண்டாடியது என்பது வேறு கதை.

பெய்ஜிங்கில் மூன்று நாள், சியானில் இரண்டு நாள், ஷாங்காயிலிருந்து ஹாங்சோவுக்கு ஒரு பகல் என்று விடுதியையும் ரயிலையும் வழிகாட்டியையும் இன்று வீட்டிலிருந்தபடியே முடிவு செய்கிறோம். இந்த எளிமைக்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. பயணியின் வழியைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியின் வரலாறு என்று அதைச் சொல்லலாம்.

838இல் தூதுக்குழுவோடு சீனம் வந்த ஜப்பானியத் துறவி என்னின், தியான்தாய் மலைக்குச் செல்ல விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. குழுவினர் ஊர் திரும்பியபோது அவர் பின்தங்கிவிட்டார். ஷாண்டோங் கரையில் கொரியர்களின் மடாலயம் ஒன்றில் தங்கி, அதிகாரிகளுக்கு மனுமேல் மனு எழுதினார். 840இல் சீட்டு கிடைத்த பின்னரே வூதாய் மலைக்கு நடந்தார். அந்த மனுக்கள் அவருடைய நாட்குறிப்பில் இடம்பெற்று, இன்றும் நாம் படிக்கக் கிடைக்கின்றன.

மிங் காலத்தில் வேறொரு குரல் கேட்கிறது. ஹுவாங் பியான் என்னும் வணிகர் நெடுங்காலம் திரட்டிய செய்திகளைக் கொண்டு 1570இல் ஒரு வழிநூல் வெளியிட்டார். நீர்வழி, நிலவழி, ஊர்களுக்கிடையிலான தொலைவு, தங்குமிடம், கள்வர் பயமுள்ள இடம் எல்லாம் அதில் உண்டு. அரசின் பாதையை வணிகன் தன் தேவைக்கேற்பத் திருப்பி எழுதிக்கொண்ட முயற்சி என்றே நாம் அதைக் கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துக்குள் வசதியான பயண ஏற்பாடுகள் அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. சீட்டு வாங்கப் போன இடத்தில் ஊழியர்கள் தம்மைப் பொருட்படுத்தாததால் மனம் வருந்தினார் ஷாங்காய் வங்கியாளர் சென் குவாங்ஃபு என்றொரு செய்தி வழங்குகிறது. 1923இல் அவர் தம் வங்கியிலேயே பயணப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1927இல் சீனப் பயண நிறுவனமாகத் தனித்து நின்றது. பயணச் சீட்டு விற்பது, விடுதி நடத்துவது, மேற்குஏரியைக் காண ஹாங்சோவுக்கு உல்லாசப் பயணம் கூட்டிச் செல்வது, பயண இதழ் ஒன்றை வெளியிடுவது என்று அதன் பணி விரிந்தது. சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க அயலாரின் தயவு வேண்டாம் என்ற தன்மான உணர்வு அதன் அடியில் இருந்தது.

1949க்குப் பின் மீண்டும் காட்சி மாறியது. 1954இல் தோன்றிய அரசுப் பயண நிறுவனம், அயல்நாட்டு விருந்தினரின் விடுதி, ரயில், மொழிபெயர்ப்பாளர், பார்க்க வேண்டிய இடங்கள் யாவற்றையும் தானே வகுத்தது. 1978க்குப் பின் கதவு திறந்தபோதும், பல ஊர்களுக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டியிருந்தது. அயலார் செலவழிப்பதற்கென்றே 1980இல் தனிப் பணச் சீட்டும் அச்சிட்டார்கள்; அதை வெளியிடுவது 1994இல்தான் நின்றது.

2011இல் திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில் 1,318 கிலோமீட்டரைச் சுமார் நான்கரை மணி நேரத்தில் கடக்கிறது. வழியை இன்று நாமே தேர்ந்துகொள்கிறோம். ஆனாலும் ரயில் சீட்டு நம் கடவுச்சீட்டு எண்ணோடு பிணைந்தது. விடுதியிலும் அதைப் பதிய வேண்டும். திபெத்துக்குச் செல்லும் அயல்நாட்டவர்க்குத் தனி அனுமதி இன்றும் உண்டு. என்னின் இவற்றைக் கண்டு வியந்திருக்கமாட்டார்.

சியாமெனிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய ஊர் சுவான்சோ. அங்குள்ள கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் காணலாம். அவ்வூரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அவர் எந்தக் கப்பலில் வந்தார், எங்கே தங்கினார், யார் வழிகாட்டினார் என்பதைக் கல் சொல்லவில்லை. கானின் ஆணைப்படியே அது நடந்தது என்பதை மட்டும் சொல்ல மறக்கவில்லை.